பின்பக்கம் வண்ணம் பூசியவர்கள்

(நரிக்குடியில் இளைஞர்கள் நடத்திய குறும்படத் திரையிடலுக்கு முன் பேசியது. எழுத்துக்காகச் சிறிது திருத்தியிருக்கிறேன்.)



அனிமேஷன் துறையில் வேலை கிடைப்பது எப்படி என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். மத்தியானம் வந்து இறங்கியதிலிருந்து மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை தன் நோட்டைக் காட்டினாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு வெள்ளாடு. கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் ஆடு ஓடிவந்து முள்வேலியைத் தாண்டுகிறது. தாண்டுவதற்கு முன்னால் ஒரு கணம் பின்னங்காலை மடக்கிப் பதுங்குகிறது பாருங்கள், அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் படிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

அவளுடைய அப்பா சீமைக்கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். அவர் என்னிடம் கேட்டார்: "ஏத்தா, படம் வரையிறது சோறு போடுமா? மில்லுக்கு ஆள் கேட்டு வந்துருக்காங்க. மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்தா மொத்தமா ஒரு தொகை தர்றாங்களாம்." நான் உடனே பதில் சொல்லவில்லை. 'போடும்' என்று சொன்னால் பாதிப் பொய். 'போடாது' என்று சொன்னால் நான் உட்கார்ந்து தின்கிற சோற்றுக்குத் துரோகம். அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்து அவருக்கே பதில் சொல்லப் போகிறேன். அண்ணன் அங்கே பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

என் அம்மா பிறந்தது சாத்தூர்ப் பக்கம். இந்தக் கரிசல் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அம்மாச்சி வீட்டுக்குப் போனால் திண்ணை முழுக்கத் தீப்பெட்டிதான். பசைக் கிண்ணத்தைச் சுற்றி அம்மாச்சி, சித்திகள், நாங்கள். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கு. ஒட்டுகிற லேபிளில் ஒரு குதிரை. அச்சடிக்கும்போது சில கட்டுகளில் கலர் விலகிப்போகும். சிவப்பு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். அந்தக் கழிவு லேபிள்களை அடுக்கிக் கட்டைவிரலால் விட்டேன் ஒரு நாள். குதிரை நடுங்கியது. உயிர் வந்ததுபோல இருந்தது எனக்கு. சித்தி முதுகில் ஒன்று போட்டார், வேலை கெட்டது என்று. என் அனிமேஷன் படிப்பு தொடங்கியது அந்த அடியில்தான்.

இனி கொஞ்சம் தொழில் விவரம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால்கூட நொடிக்கு 12 படம், நிமிடத்துக்கு 720. ஒரே ஆள் இத்தனையும் வரைய முடியாது. அதனால் ஸ்டூடியோவில் வேலையைப் பிரித்தார்கள். கதை எழுதுகிறவர், உருவங்களை வடிவமைக்கிறவர், அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைகிற அனிமேட்டர், அந்த நிலைகளுக்கு இடையில் வருவதை வரைகிறவர், பென்சில் கோட்டைச் சுத்தம் செய்கிறவர், கடைசியாக அதைச் செல்லுலாய்டு தாளில் மை போட்டு நகலெடுத்து வண்ணம் பூசுகிறவர். வேலை அதிகம், பிரிக்கத்தான் வேண்டும். பிரித்ததில் தப்பில்லை. எந்த வரிசையில் யாரை உட்காரவைத்தார்கள், அங்கிருந்து எழுந்து அடுத்த வரிசைக்குப் போக விட்டார்களா என்பதுதான் கேள்வி.

1937 டிசம்பரில் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தை நீங்கள் யூடியூபில் துண்டு துண்டாகவாவது பார்த்திருப்பீர்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் கடைசி வரிசையில், மை-வண்ணப் பிரிவில். அவர்கள் தனியாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்த இடத்துக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'கன்னியர் மடம்'. கைரேகை படாமல் இருக்க விரல்நுனி வெட்டிய வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, தாளின் முன்பக்கம் மையால் கோடு இழுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூசுவார்கள். தூரிகைத் தடம் முன்னால் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் கோட்டின் தடிமன் மயிரிழை மாறினாலும் திரையில் உருவம் நடுங்கும், என் தீப்பெட்டிக் குதிரை மாதிரி. நடுங்காமல் இழுத்தார்கள், லட்சக்கணக்கான தடவை. ஸ்னோ ஒயிட்டின் கன்னத்தில் இயல்பாகத் தெரிகிற அந்தச் சிவப்பு, அனிமேட்டர்கள் போட்டது கிடையாது. ஹெலன் ஆகர் என்ற மை-வண்ணப் பிரிவுப் பெண் தாள் தாளாகக் கையால் சாயம் ஏற்றியது. உலகம் முழுக்க ரசித்த முகம். அந்த முகத்துக்கு ரத்த ஓட்டம் கொடுத்தவர் கடைசி வரிசையில் இருந்தார்.

அடுத்த வருடம், 1938 ஜூனில், ஓர் இளம்பெண் டிஸ்னியின் பயிற்சிப் பள்ளியில் சேர விரும்பி எழுதிக் கேட்டார். வந்த பதில் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுவதும் இளைஞர்களின் வேலை, ஆகவே பயிற்சிக்குப் பெண்களை எடுப்பதில்லை. பெண்களுக்கு உள்ளது மையால் நகலெடுப்பதும் சொன்னபடி வண்ணம் நிரப்புவதும்தான், அதற்கும் இடம் குறைவு என்று சாரம். கையெழுத்துப் போட்டவரும் ஒரு பெண்தான். கடிதத்தாளில் அலங்காரமாக அச்சடித்திருந்தது எது தெரியுமா? ஸ்னோ ஒயிட்.

இந்தக் கடிதத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பழக்கமான ஒன்றைப் பார்த்த உணர்வுதான் வந்தது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர் கலக்க முடியாத அடுக்குகளாகப் பிரித்து மேலும் கீழுமாக வைக்கிறது என்று பாபாசாகேப் 1936இல் எழுதினார். அவர் எழுதியது நம் ஊரைப் பற்றி. ஆனால், 'நீ செய்வது படைப்பு இல்லை, வெறும் கைவேலை' என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதன் ருசி நமக்குத் தெரியும். தோலைப் பதப்படுத்தி, வாட்டி, விசை ஏற்றி, அதிலிருந்து தாளம் எடுக்கிறவனைக் கலைஞன் என்று சொல்ல இந்த நாட்டுக்கு எத்தனை காலம் பிடித்தது! இன்னும் முழு மனசோடு சொல்கிறார்களா? அதற்காக டிஸ்னியில் சாதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்தது ஆண்-பெண் வரிசை, அதற்குக் கீழே நிறம். அந்த வெள்ளைக் கையுறைப் பெண்களும் வெள்ளைப் பெண்கள்தான். ஃபிளாய்டு நார்மன் என்ற கறுப்பினக் கலைஞர் அங்கே அனிமேஷன் வேலையில் சேர்ந்தது 1956இல்.

தடுப்பைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். பியாங்கா மஜோலி 1935இல் கதைப் பிரிவுக்குள் நுழைந்தார். ரெட்டா ஸ்காட் 'பாம்பி' படத்தில் (1942) வேட்டை நாய்களை வரைந்தார். டிஸ்னி படத்தில் அனிமேட்டராகத் திரையில் பெயர் வந்த முதல் பெண் அவர். பெண்கள் மென்மையாகத்தான் வரைவார்கள் என்று நினைத்தவர்கள் அந்த நாய்களின் பற்களைப் பார்க்க வேண்டும். 'சிண்ட்ரெல்லா', 'ஆலிஸ்', 'பீட்டர் பேன்' படங்களின் வண்ண உலகத்தை யோசித்தவர் மேரி பிளேர். இப்போது இவர்களைப் பற்றியெல்லாம் அழகான புத்தகங்கள் வருகின்றன. வரட்டும். எனக்கு அந்த நூறு பேர் மேல்தான் கண். 1941 டிஸ்னி வேலைநிறுத்தத்தில் அவர்களில் பலரும் தெருவுக்கு வந்து நின்றார்கள். 1961இல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் பென்சில் கோட்டை நேராகச் செல்லுலாய்டில் பதிக்கும் ஜெராக்ஸ் முறை வந்தது. மைக்கோடு இழுத்த கைகளுக்கு வேலை போனது. இயந்திரம் வந்தால் முதலில் கடைசி வரிசைதான் காலியாகும். இப்போது என் கூட்டாளிகள் செயற்கை நுண்ணறிவைப் பார்த்துப் பயப்படுவதும் அந்த வரிசையில் உட்கார்ந்துதான்.

ஆம், நானும் கடைசி வரிசைதான். சென்னையில் நான் முதலில் சேர்ந்த ஸ்டூடியோ வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வேலை எடுத்துச் செய்தது. கதை அங்கே, உருவம் அங்கே, முக்கிய நிலைகள் அங்கே. சுத்தம் செய்வதும் நிரப்புவதும் இங்கே. கண்டங்களுக்கு நடுவிலும் அதே வரிசை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. கணினி முன்னால் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே பெருமை. இரண்டு வருடம் கழித்து உருவ வடிவமைப்புப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நானும் வரைந்து கொடுத்தேன். கண்மாய்க்கரை, கரிமூட்டம், தலைச்சுமையோடு நடக்கிற ஒரு கிழவி. பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். படங்களைப் புரட்டினார். "ஊர் எது?" என்றார். "நரிக்குடிப் பக்கம்." "நரிக்குடியில எந்தப் பக்கம்?" சொன்னேன். தெருவைச் சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும் ஊர் இது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு லைன் சுத்தமா வருதும்மா. டிசைனுக்கு ஒரு கல்ச்சர் வேணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. புகார் எழுத ஒரு வார்த்தை கிடைக்காத மாதிரி சொன்னார். அந்த 1938ஆம் வருடக் கடிதம் எனக்கு வாயால் வந்தது என்று பிறகுதான் புரிந்தது.

இந்த இடத்தில் ஜப்பானைச் சேர்ந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஒகுயாமா ரெய்கோ. 1957இல் டோக்கியோவின் தோயே அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஜப்பானிய மொழியில் 'அனிமேஷன்' என்பதற்கான சொல்லும் 'குழந்தைகளுக்கான படம்' என்பதற்கான சொல்லும் கேட்க ஒன்றுபோல இருக்கும். இவர் குழந்தைக் கதைப் புத்தகத்துக்குப் படம் போடும் வேலை என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தாராம். போன இடத்தில் கீழிருந்து ஏறி, 1968இல் தகஹாதா இயக்கிய 'ஹோருஸ்' படத்தில் முக்கிய அனிமேட்டர்களில் ஒருவரானார். அவர் வரைந்ததைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் போகாமல் இருந்தது. கல்யாணம் ஆனால், பிள்ளை பெற்றால் பெண் வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். ஒகுயாமா கூடவேலை செய்த கோதாபே யோய்ச்சியைக் கட்டிக்கொண்டார், பிள்ளை பெற்றார், மறுபடி வந்து தன் மேசையில் உட்கார்ந்தார். பின்னால் நின்றது தொழிற்சங்கம். மியாசாகி, தகஹாதா என்று நீங்கள் இன்று டி-சர்ட்டில் போட்டுக்கொண்டு திரிகிற பெயர்கள் எல்லாம் அந்தச் சங்கத்தில் இருந்த பெயர்கள்தான். 'டோட்டோரோ' படத்தைப் பார்த்து உருகுகிற என் நண்பர்களிடம், ஸ்டூடியோவில் ஒரு சங்கம் வைப்போமா என்று கேட்டுப் பார்த்தேன். டீ ஆறிப்போகும் என்று எழுந்து போய்விட்டார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். சென்னையில் கார்ட்டூன் படம் என்பது புதிசு கிடையாது. ஜெமினி ஸ்டூடியோ 1947லேயே 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூன் படத்தை எடுத்தது. தமிழில் அனிமேஷன் படம் இயக்கிய பெண் யார் என்று கேட்டால், 2014இல் வந்த 'கோச்சடையான்' படத்தை வைத்து சௌந்தர்யா ரஜினிகாந்த் என்பீர்கள். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு 14 வருடம் முன்பே, 2000இல், சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 'பாண்டவாஸ்' என்ற முழுநீளக் கணினி அனிமேஷன் படத்தை ஆங்கிலத்தில் எடுத்தது. இந்தியாவில் அந்த வகையில் வந்த முதல் படங்களில் ஒன்று. சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. இயக்கியவர் உஷா கணேசராஜா. கையைத் தூக்குங்கள், இந்தப் பெயரை இதற்கு முன் கேட்டவர்கள்? பார்த்தீர்களா. எனக்கும் இந்தத் துறையில் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரு பெண் இயக்கியதே மறந்துபோகிற ஊரில், அந்தப் படத்துக்கு ராத்திரி பகலாக மௌஸ் பிடித்தவர்களின் பெயரை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

அந்தப் படம் சொன்ன கதை பற்றி எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. கையில் புதுக் கருவி கிடைத்ததும் முதலில் பாண்டவர்களைத்தான் எழுப்ப வேண்டுமா? வில் பிடிக்கும் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர்களின் கதை அது. பென்சில் பிடிப்பதும் அதே கட்டைவிரல்தான். இதைப் பேசினால் ராத்திரி முழுக்க ஆகும், விடுங்கள்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கப் போவது இரண்டு படங்கள். முதலாவது கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ', 2006. கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் விருதுகள் வாங்கியது. மும்பையில் தனியாக இருக்கிற ஒரு வயதான அம்மா, ஒரு பூனை. அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம். அவரிடம் தீப்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தீப்பெட்டி லேபிளுக்குள்ளும் அவர் நுழைந்து போகிறார், அங்கே வண்ணம். ஸ்டூடியோ வரிசையே வேண்டாம் என்று ஃபிரேம் ஃபிரேமாகத் தானே வரைந்தார் கீதாஞ்சலி ராவ். இந்தப் படத்தைப் பார்த்து அழுதவர்கள் நிறையப் பேர். நானும் அழுதேன், கொஞ்சம் வேறு காரணத்துக்காக. அந்த லேபிளை ஒட்டிய விரல் படத்தில் இல்லை. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. மும்பை ஜன்னலிலிருந்து சாத்தூர்த் திண்ணை தெரியாது. அங்கிருந்து அவர் பார்த்ததை அவர் எடுத்தார். திண்ணையில் இருந்தவர்கள் எடுக்க வேண்டிய படம் பாக்கி இருக்கிறது.

இரண்டாவது படம் 'டாங்கோ போலே சே', 2009. 'தையல் பேசுகிறது' என்று அர்த்தம். இயக்கியவர் நீனா சப்னானி. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர், அங்கேயே பல வருடம் அனிமேஷன் சொல்லிக்கொடுத்தவர். 1984லேயே வரதட்சணை பற்றி 'சுப விவாஹ்' என்ற குறும்படம் எடுத்தவர். இந்தியாவில் இன்று அனிமேஷன் செய்கிற பெண்கள் பலருக்கு அவர்தான் வழி.

இந்தப் படம் ஏன் முக்கியம் என்றால், இதில் வரைந்தவர்கள் யாரும் வரையவில்லை, தைத்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் சும்ராசர் என்ற கிராமத்தில் 1993இல் தொடங்கிய 'கலா ரக்ஷா' என்ற அமைப்பின் தையல் கலைஞர்கள். அவர்களில் மாரு மேக்வால் பெண்கள் இருக்கிறார்கள். மேக்வால் என்றால் அங்கே பட்டியல் சாதி. 1971 போருக்குப் பிறகு, பாகிஸ்தானின் தார்பார்க்கரிலிருந்து பாலைவனத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர்கள். ராணிபென் பனானி அந்தப் பயணத்தைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தார். ஊர், ஒட்டகம், ராணுவம், முகாம் எல்லாம் துணியில். அந்தத் தையல் உருவங்கள்தான் இந்தப் படத்தில் நடக்கின்றன. பின்னால் ஒலிப்பது அவர்களுடைய சொந்தக் குரல்கள். கைக்குச் சொந்தக்காரர் வேறு, கதைக்குச் சொந்தக்காரர் வேறு என்ற வரிசை இந்த 12 நிமிடத்துக்குக் கலைந்துவிடுகிறது.

ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பெண்களின் தையல் முறைக்கு 'சூஃப்' என்று பெயர். துணியின் நூல்களை எண்ணி எண்ணி, முக்கோணம் முக்கோணமாகப் போடுவது. முன்னால் கோடு வரைந்துகொள்வதில்லை. துணியின் பின்பக்கத்திலிருந்தே தைக்கிறார்கள். முன்னால் எப்படி வரும் என்பது மனசுக்குள் இருக்கிறது. 1937இல் கலிஃபோர்னியாவில் தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூசிய பெண்கள் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம்தான். அவர்கள் யாரோ போட்ட கோட்டுக்குள் நிரப்பினார்கள். இவர்களுக்குக் கோடும் இவர்களுடையதே.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. விழாக்களுக்குப் போவது இயக்குநரின் பெயர்தான். மொழி, படிப்பு, கேமரா எல்லாம் அவர் கையில். நீனா சப்னானி நேர்மையாக அந்த மேசையில் இடம் விட்டார். இடம் விடுகிறவரின் நல்ல மனசை நம்பித்தான் உட்கார வேண்டும் என்ற நிலை அப்படியேதான் இருக்கிறது. ராணிபென்னின் பேத்தி வயசுப் பெண் ஒருத்தி நேராக அந்த மேசைக்கே சொந்தக்காரியாக வர எத்தனை வருடம்?

இப்போது அண்ணனுக்குப் பதில். படம் வரைவது சோறு போடும். முதல் இரண்டு மூன்று வருடம் அரை வயிற்றுக்குத்தான் போடும். ராத்திரி வேலை உண்டு, கண் எரியும், வேலை வருவதும் போவதும் அலை மாதிரி. மில்லிலும் கண் எரியும், பஞ்சு நெஞ்சில் இறங்கும். மூன்று வருடம் முடித்து முழுத் தொகையை வாங்கி வந்த பிள்ளைகள் இந்தப் பக்கம் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அனிமேஷனுக்குப் பட்டப் படிப்பு உண்டு. தனியார் நிறுவனம் கேட்கிற லட்சங்கள் அங்கே தேவையில்லை. இடஒதுக்கீடு உண்டு, அதை வாங்குவதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். நுழைவுத் தேர்வுக்கு என்ன வரைய வேண்டும் என்று நான் சொல்லித்தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில். விண்ணப்பம் போடுகிற வரைக்கும் மில்லுக்காரரிடம் கைநாட்டு வைத்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது.

கூடவே, பிள்ளையிடம் ஒன்று. அங்கே போனால் முதலில் சுத்தம் செய்யும் வேலைதான் கொடுப்பார்கள். செய். நல்லாச் செய். கோடு நடுங்காமல் இழுக்கிற கைக்கு இருக்கிற மரியாதையை அவர்கள் தராவிட்டால் நீ கொடு. ஆனால் அந்த ஆட்டு நோட்டை மூட்டை கட்டி வைத்துவிடாதே. 'எந்தப் பக்கம்' என்று கேட்டால் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்து காட்டு.

அந்த வெள்ளை வேட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கப்பா, நடுவில் தொங்குகிறது. விளக்கை அணைத்துவிடலாம். முதலில் தீப்பெட்டிப் படம். அம்மா, நீங்க முன்னால வந்து உக்காருங்க.